வாளேந்திய பாவலன்: பிரீட்ரிக் வான் ஹௌசன்

பன்னிரண்டாம் நூற்றாண்டிற் செருமானிய நாட்டில் வாழ்ந்த உயர்குடி வீரருள் பிரீட்ரிக் வான் ஹௌசன் என்பான் ஒருவன். போர்த்தொழிலோடு காதற்பாடல் யாக்கும் புலமையும் அவன்பால் அமைந்திருந்தது. செருமானிய இலக்கியம் பயில்வாரன்றிப் பிறர் அவனை அறியார். அவனைப்பற்றிய சான்றுகளுள் எதனை எதற்குக் கொள்ளலாம் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

1171-ஆம் ஆண்டு ஆவணமொன்றில் தந்தை வால்தரோடு அவன் பெயர் முதன்முதற் காணப்படுகின்றது. 1175-இலும், பின்னர் 1186-87-இலும் அவன் இத்தாலியில் இருந்தமை வேறு ஆவணங்களாற் புலனாகும்.

1187-இல் எருசலேம் சலாதீன் கைப்பட்டது. அதனை மீட்கப் பேரரசன் பிரெடரிக் பார்பரோசா 1189 மே மாதம் பெரும்படையுடன் ரேகன்சுபர்க்கினின்று தரைவழியே புறப்பட்டான். ஹௌசனும் உடன் சென்றான். 1190 மே 6-ஆம் நாள், சின்ன ஆசியாவிலுள்ள பிலோமீலியத்தின் அருகே துருக்கியரைத் துரத்துங்கால், குதிரை வீழ்ந்தமையால் உயிர் துறந்தான். படை முழுதும் அவனுக்காக வருந்தியது. முப்பத்தைந்தாம் நாள் பேரரசனும் சாலெப் ஆற்றில் மூழ்கி மாண்டான்.

ஹௌசனின் பாடலொன்று, நெடுநாள் இணைந்திருந்த உடலும் உள்ளமும் பிரிய முனைவதைக் கூறுகின்றது. உடல் போரை விரும்புகின்றது. உள்ளமோ ஒருத்தியிடமே தங்கிவிட்டது. இதனை அவன் வாழ்க்கைக் குறிப்பாகவே கொள்ளலாமோ எனின், ஆகாது என்க. பிரெஞ்சுக் கவிஞன் கோனோன் தெ பெத்தூனும் இக்கருத்தைப் பாடியுள்ளான். ஆதலின் இஃது அக்காலப் புலவர்க்குப் பொதுவானதொரு மரபாம். எனினும் ஹௌசனிடத்து ஒரு தனித்தன்மை உண்டு. சிலுவை ஏற்றதனால் இத்துன்பம் தீருமென்று அவன் எண்ணினான், தீரவில்லை. திருப்ப இயலாத உள்ளத்தை, அதனை ஏற்பாருள்ள இடத்திற் சேர்க்குமாறு இறைவனை இறுதியில் வேண்டுகின்றான்.

இனி, பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியிற் சூரிக்கில் உருவாகி, இன்று ஹைடல்பர்க்கிலுள்ள மானெசே ஏட்டின் ஓவியம் அவனைக் கப்பலிற் காட்டுகின்றது. அது கொண்டு அவன் கடல்வழியே புனித நாடு நோக்கிச் சென்றான் என்பது பொருந்தாது. படை சென்றது தரைவழி. கடலைக் கடந்தது இடையிலுள்ள நீரிணையில் மட்டுமே. ஓவியன் அவனுக்கு நூறாண்டுக்கு மேற்பட்டுப் பிற்பட்டவன்.

ஆகவே, அவன் நின்ற இடத்தை ஆவணமும், வீழ்ந்த இடத்தை வரலாற்று நூலும் உரைக்கும். போர்க்குப் புறப்படுதல் ஐயமற்ற அறமெனப் போற்றப்பட்ட காலத்தில், அதற்கு மனிதன் கொடுக்கும் விலை யாது என்பதைப் பாடலே உரைக்கும். அவ்விலையை உணர்ந்து பாடியவனே அப்போர்க்குச் சென்று மாண்டான் என்பதே அப்பாடலை நாம் மறவாமைக்குக் காரணமாம்.