தேஜ் சிங் தேசிங்கு ஆன கதை

செஞ்சியை ஆண்டவர்கள் ஏராளம். நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர் எனப் பலர் கைக்கு அது மாறியது. ஊர்க்காரரைக் கேட்டால் ‘தேசிங்கு ராஜா கோட்டை’ என்பார்கள். தேசிங்கின் ஆட்சியோ ஓராண்டுகூட நிறையவில்லை. புந்தேலா ராஜபுத்திரரான தந்தை சொரூப் சிங் இறந்ததும் கோட்டைக்கு உரிமை கொண்டாடியவன், 1714 அக்டோபர் 3 அன்று ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையோடு மோதி மாண்டான். செட்டிக்குளத்துக் கரையில் அவனை எரித்த மேடை இன்றும் இருக்கிறது.

இயற்பெயர் தேஜ் சிங். வேகமாகச் சொல்லிப் பாருங்கள்: ஜகரமும் சகரமும் அண்ணத்தில் ஒரே இடத்தில் பிறப்பதால் ஒன்றை மற்றொன்று விழுங்கிவிடும். வல்லின மெய்யில் சொல் முடிவது தமிழுக்கு இயல்பல்ல. ஆகவே கடைசியில் ஓர் உகரம். தேசிங்கு! இரு பாதிகளுமே நமக்குப் புதியவை அல்ல. வடமொழித் தேஜஸ், ஒளி என்ற பொருளில் ‘தேசு’ ஆகிப் பக்திப் பாடல்களில் எப்போதோ புகுந்துவிட்டது. சிம்ஹம் முன்பே ‘சிங்கம்’ ஆகியிருந்தது. அதே சொல் வடக்கே சிங் ஆகி, இரண்டாம் முறை ‘சிங்கு’ என வந்து சேர்ந்தது.

கோட்டையைப் பிடித்த பீஜப்பூர்ப் படை ஊருக்குப் பாதுஷாபாத் என்று பெயர் சூட்டியது. 1698இல் மராட்டியரிடமிருந்து அதை வென்ற மொகலாயர் நுஸ்ரத்கட் என்றார்கள். இரண்டும் தரிக்கவில்லை. அரசாணை சாதிக்காததைத் தேசிங்குராஜன் கதையைப் பாடிய நாட்டுப்புறக் கலைஞர்கள் சாதித்தார்கள்.

என்னை அதிகம் நெகிழ்த்துவது தோழனின் பெயர். தேசிங்கோடு களத்தில் விழுந்த மகபத் கான், கதைப்பாடலில் மோவுத்துக்காரன். கான் என்ற பட்டம், தோட்டக்காரன், வேலைக்காரன் என்பவற்றில் வரும் நம் ‘காரன்’ ஆகிவிட்டது. இதைக் கொச்சை என்று தள்ளுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. வேற்று மொழி பேசிய ஒரு முஸ்லிம் வீரனைக் கேட்போர் தம் ஊர்க்காரனாகவே எண்ணி அழுததற்கு இந்த ஒரு விகுதியே சான்று.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் செஞ்சியும் இடம்பெற்றது, மராட்டியக் கோட்டைகளுள் ஒன்றாக. இனி வெளியூரார் கூடுதலாக வருவார்கள். அவர்களுக்கு வைக்கும் பலகைகளில் தேஜ் சிங், மகபத் கான் என்பதோடு தேசிங்கு, மோவுத்துக்காரன் என்றும் பொறிக்க வேண்டும்.