டீலர் கைபட்டால்தான் வாரன்டியா?

படகின் பின்பலகையில் மாட்டி ஓட்டும் அவுட்போர்டு எஞ்சினை அமெரிக்காவில் இன்று ஒருவர் வாங்கினால், விலை படிந்த கையோடு இன்னொரு காகிதத்தையும் அவர் முன் நீட்டுவார்கள். கம்பெனி தரும் வாரன்டி தீர்ந்த பிறகும் சில வருடங்களுக்குப் பழுதுச் செலவை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லும் எக்ஸ்டெண்டட் வாரன்டி அது. அதற்குத் தனிக் காசு. இத்தகைய ஒப்பந்தங்கள் பலவற்றின் பொடி எழுத்துக்குள் ஒரு நிபந்தனை இருக்கும்: எஞ்சின் 100 மணி நேரம் ஓடியதும், அவ்வளவு ஓடாவிட்டாலும் வருடம் ஒன்று ஆனதும், அங்கீகாரம் பெற்ற டீலரிடம் கொண்டுபோய் சர்வீஸ் செய்து ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தவறினால் ஒப்பந்தம் செல்லாமல் போகலாம். உப்புத் தண்ணீரில் உழலும் இயந்திரத்துக்கு இப்படியொரு கவனிப்பு வேண்டியதுதானே என்று வாங்குகிறவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். பராமரிப்பு வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதை டீலர்தான் செய்ய வேண்டும் என்ற பாதி, எஞ்சினிலிருந்து வந்ததல்ல. விற்பனை முறையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. இந்த வணிகத்தின் நூறாண்டுக் கதையைப் புரட்டினால் அது எப்போது, எதற்காக வந்தது என்பது ஓரளவு தெளிவாகவே தெரியும்.

தொடக்கத்தில் இப்படியொரு நிபந்தனையை எழுதியிருக்கவே முடியாது. நார்வேயில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா வந்த ஓலே எவின்ரூட், 1909இல் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரில் விற்கத் தொடங்கிய எஞ்சினுக்கு 1.5 குதிரைத்திறன், எடை 62 பவுண்டு, விலை 62 டாலர். ஒற்றை சிலிண்டர். ஃப்ளைவீலின் மேலேயே ஒரு குமிழ் இருக்கும். அதைப் பிடித்துச் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். கிளம்பிய வேகத்தில் கையை எடுக்காவிட்டால் விரல் முட்டி பெயர்ந்துவிடும். கடிதப் போக்குவரத்தையும் விளம்பரத்தையும் பார்த்துக்கொண்டவர் அவருடைய மனைவி பெஸ். தபாலில் ஆர்டர் வந்தது, பெட்டியில் எஞ்சின் போனது, ஸ்காண்டிநேவிய மீனவர்களுக்குக்கூடக் கப்பலேறியது. வாங்கியவருக்கும் செய்தவருக்கும் நடுவே டீலர் என்று ஒருவர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆகவே சொந்தக்காரரே ஸ்பேனர் எடுத்துத் திறக்கத் தக்கதாகத்தான் எஞ்சினும் இருந்தாக வேண்டியிருந்தது. இந்தத் தொழிலின் இன்னொரு பெரிய பெயரான மெர்க்குரியும் பழுதுபார்ப்பில்தான் பிறந்தது. 1939இல் கார்ல் கீக்ஹேஃபர் வேறொரு தொழிலுக்காக விஸ்கான்சினில் சீடர்பர்க் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையை வாங்கினார். மான்ட்கோமரி வார்டு என்ற அஞ்சல்வழி விற்பனை நிறுவனம் தேறாது என்று தள்ளிவிட்ட அவுட்போர்டு எஞ்சின்கள் அங்கே குவிந்து கிடந்தன. அவற்றைத் திருத்தி அதே நிறுவனத்துக்கே விற்றார். வெளியாள் கைபட்டால் எஞ்சின் கெட்டுவிடும் என்ற பேச்சுக்கு, அந்தத் தொழிற்சாலையின் பிறப்பே ஒரு பதில்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. எஞ்சின் பெரிதாகிக்கொண்டே போனது, சாவி திருகிக் கிளப்பும் வசதி வந்தது, கார் ஷோரூம்போலப் படகுக்கும் டீலர் கடைகள் வந்தன. உழைப்பதில் யாருடைய எஞ்சின் கெட்டி என்பது விளம்பரப் போட்டியானது. 1957இல் கீக்ஹேஃபர், புளோரிடாவில் லேக் எக்ஸ் என்று பெயரிட்டு வேலியடைத்து வைத்திருந்த ஏரியில் தம் எஞ்சின்களை ஓட்டி 50,000 மைல் கடக்க வைத்தார். ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் நிரப்பினார்கள். இதே காலத்தில் கார் உலகில் நடந்ததுதான் நம் கதைக்கு முக்கியம். 1960 வரை அமெரிக்கக் காருக்கு வாரன்டி 90 நாள் அல்லது 4,000 மைல். பிறகு அது 12 மாதம், 12,000 மைல் ஆனது. 1963 மாடல்களுக்கு கிரைஸ்லர் ஒரே தாவாக 5 ஆண்டு, 50,000 மைல் என்று அறிவித்தது. அந்த நீண்ட வாக்குறுதியோடு நிபந்தனைகளும் வந்தன: மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை டீலரிடம் போய்ப் பராமரிப்புக்கு அத்தாட்சி பெற வேண்டும். வாக்குறுதி நீளும்போது நிபந்தனையும் சேர்ந்து நீளும் என்ற வழக்கம் பெரிய அளவில் நிலைபெற்றது இங்கேதான் என்பது என் கணிப்பு. அதே கிரைஸ்லர் 1965இல் வெஸ்ட் பெண்ட் கம்பெனியின் அவுட்போர்டு பிரிவை வாங்கி, தன் பெயரிலேயே படகு எஞ்சின் விற்கத் தொடங்கியது. காரும் படகு எஞ்சினும் ஒரே குடும்பத்துக்கு, ஒரே மாதிரி விளம்பரத்தோடு விற்கப்பட்ட பொருள்கள். வாரன்டிக் காகிதத்தின் மொழியும் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டதில் வியப்பில்லை.

அந்தக் காகிதங்கள்மீது குமுறல் பெருகியது. கார் வாரன்டிகளைப் பற்றி, வணிக முறைகளைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 1960களின் இறுதியில் விசாரணை நடத்தி அறிக்கை தந்தது. செனட்டர் வாரன் மாக்னுசனும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜான் மாஸும் முன்னின்று கொண்டுவந்த வாரன்டிச் சட்டத்தில் 1975 ஜனவரி 4 அன்று ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்திட்டார். அந்தச் சட்டப்படி, வாரன்டி தருகிறவர், குறிப்பிட்ட பெயருடைய பாகத்தையோ சேவையையோ பயன்படுத்தினால்தான் வாரன்டி செல்லும் என்று கட்டிப்போடக் கூடாது. அப்படிக் கட்ட வேண்டுமானால் அந்தப் பாகத்தையும் சேவையையும் இலவசமாகத் தர வேண்டும். இதற்கு ஒரு விலக்கும் உண்டு. அந்தச் சேவை இல்லாமல் பொருள் சரியாக இயங்காது என்று கமிஷனிடம் நிரூபித்து, விலக்கு பொதுநலனுக்கு ஏற்றது என்றும் காட்டினால் அனுமதி கிடைக்கும். டீலர் சர்வீஸ் எஞ்சினுக்கு உயிர்நாடி என்றால், அதை நிறுவ ஒரு வழி 1975 முதல் திறந்தே இருக்கிறது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் சட்டம் ஒரு கதவைச் சாத்தியபோது பக்கத்து அறை திறந்திருந்தது. பொருளின் விலைக்குள் அடங்கி வருவது வாரன்டி. தனிக் காசு கொடுத்து வாங்குவது சர்வீஸ் ஒப்பந்தம். சட்டம் இரண்டையும் வேறு வேறாகவே வரையறுத்தது. எக்ஸ்டெண்டட் வாரன்டி என்று கடையில் சொன்னாலும், தனிக் காசு என்றால் சட்டத்தின் கண்ணில் அது சர்வீஸ் ஒப்பந்தம்தான். அதைச் சட்டம் அடியோடு விட்டுவிடவில்லை: நிபந்தனைகளைத் தெளிவான மொழியில் எழுத வேண்டும், எழுதாமலே உள்ள சட்டப்படியான உத்தரவாதத்தை, சர்வீஸ் ஒப்பந்தம் விற்ற நிறுவனம் மறுக்க முடியாது. ஆனால் கட்டிப்போடுவதற்கு எதிரான அந்தத் தடை, வாரன்டியைக் குறித்து எழுதப்பட்டது. ஆகவே வாரன்டிக்குள் இருக்க இடமில்லாமல் போன டீலர் நிபந்தனை, காசு கொடுத்து வாங்கும் ஒப்பந்தத்துக்குள் குடியேறியது. இலவசமாகக் கிடைத்ததில் இருந்த பாதுகாப்பு, பணம் கட்டி வாங்கியதில் இல்லை. இந்தத் தலைகீழ்த்தனத்தை வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்?

இதற்கு டீலர்கள் தரப்பில் சொல்வதை லேசாகத் தள்ளிவிட முடியாது. அவுட்போர்டு எஞ்சின் காரைவிடக் கொடுமையான வாழ்க்கை வாழ்கிறது. தண்ணீரை உறிஞ்சி எஞ்சினைக் குளிர்விக்கும் பம்புக்குள் இம்பெல்லர் என்ற சிறு ரப்பர்ச் சக்கரம் இருக்கிறது. மணலை உறிஞ்சினாலோ, மாதக்கணக்கில் அசையாமல் கிடந்து அதன் இதழ்கள் வளைந்தபடியே இறுகிப்போனாலோ, எஞ்சின் சில நிமிடங்களில் கொதித்துவிடும். கீழே கியர்பெட்டியின் சீல் தேய்ந்தால் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். வடிகால் திருகைக் கழற்றும்போது கருப்பாக வர வேண்டிய ஆயில், பால் கலந்த டீ நிறத்தில் வழியும். இதைப் பார்க்காமல் விட்டுவிட்டுப் பற்சக்கரம் உடைந்த பிறகு வாரன்டி கேட்டு வருகிறவரின் செலவை, ஒழுங்காகப் பராமரித்தவர்கள் கட்டிய பணத்திலிருந்து கொடுப்பது என்ன நியாயம் என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் இந்த வாதம் ஆயில் மாற்றப்பட வேண்டும், இம்பெல்லர் மாற்றப்பட வேண்டும் என்பதைத்தான் நிறுவுகிறது. யார் மாற்ற வேண்டும் என்பதை அது தொடவே இல்லை. சட்டமும் பராமரிப்பைக் கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பராமரிக்காததால்தான் பழுது வந்தது என்று காட்டி மறுக்கும் உரிமை கம்பெனிக்கு எப்போதும் உண்டு. வருடக் கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாலும் விஷயம் புலப்படும். குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் கிடந்து கோடையில் முப்பது மணி நேரம் மட்டும் ஓடிய எஞ்சினும் வருடத்துக்கு ஒருமுறை டீலரிடம் போக வேண்டும். தினமும் கடலுக்குப் போகிற தொழில்முறை மீனவருக்கோ, அதே எஞ்சினுக்கு வாரன்டிக் காலமே பெரும்பாலும் குறுகிவிடும். அதிகம் உழைக்கும் எஞ்சினுக்குக் குறைந்த வாக்குறுதி. அதிகம் தூங்கும் எஞ்சினுக்கு நீண்ட வாக்குறுதி.

இந்தத் துறையே தனக்கு எதிராகச் சொன்ன சாட்சியும் ஒன்று இருக்கிறது. எவின்ரூட் பெயரைப் பின்னாளில் வாங்கிய பாம்பார்டியர் குழுமம், 2003இல் ஈ-டெக் என்ற டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை அறிமுகப்படுத்தியது. சாதாரண பொழுதுபோக்குப் பயன்பாட்டில் மூன்று ஆண்டு அல்லது 300 மணி நேரம்வரை டீலரிடம் வழக்கமான சர்வீசுக்குப் போகவே தேவையில்லை என்பதுதான் அதன் முதல் விளம்பரமே. குளிர்காலத்துக்கு முன் உள்பாகங்களுக்கு எண்ணெய் பூசும் வேலையைக்கூடச் சொந்தக்காரர் தானே தொடங்கி வைத்தால் எஞ்சினே முடித்துக்கொள்ளும்படி அமைத்திருந்தார்கள். அதே தண்ணீர், அதே உப்பு, அதே ரப்பர். டூ-ஸ்ட்ரோக்கில் மாற்றுவதற்கு எஞ்சின் ஆயிலே இல்லையே, அதை ஃபோர்-ஸ்ட்ரோக்கோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். ஒப்பிட வேண்டாம், ஆயில் மாற்றுவது ஒரு சாதாரண மெக்கானிக்குக்கும், கைவேலை தெரிந்த சொந்தக்காரருக்கும் தெரிந்த வேலை என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். இன்றைய எஞ்சின்கள் கம்ப்யூட்டர் மயமாகிவிட்டன, டீலரிடம் உள்ள மென்பொருள் இல்லாமல் கோளாறு கண்டுபிடிக்க முடியாது என்ற வாதம் இதைவிட வலுவானது. பழுது கண்டுபிடிக்கும் இடத்தில் அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழுது கண்டுபிடிப்பது வேறு, வருடாந்தர சர்வீஸ் வேறு. மேலும் எஞ்சின் எத்தனை மணி நேரம் எந்த வேகத்தில் ஓடியது, எப்போது சூடேறியது என்பதையெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரே பதிந்து வைக்கிறது. சொந்தக்காரர் பொய் சொன்னால் பிடிக்கும் கருவி கையில் இருக்கும்போது, டீலர் ரசீதுதான் ஒரே சாட்சி என்பது எப்படிப் பொருந்தும்?

விரும்பியவர் வாங்கும் ஒப்பந்தம்தானே, பிடிக்காவிட்டால் வாங்காமல் விடலாமே என்பது கடைசியாக வரும் வாதம். ஒப்பந்தத்தின் விலை மட்டும் கண்ணில் பட்டு, அதைக் காப்பாற்றிக்கொள்ள ஐந்தாறு வருடம் டீலருக்குக் கட்டப்போகும் சர்வீஸ் கூலி எங்கும் எழுதப்படாதபோது, அதைத் தெரிந்து எடுத்த முடிவு என்று சொல்ல முடியாது. அது போக, எதிர்த் தரப்பு தன் வாக்கை எந்த அளவு காப்பாற்றியது என்பதற்கும் வரலாறு இருக்கிறது. எவின்ரூட், ஜான்சன் இரண்டு பெயர்களையும் வைத்திருந்த அவுட்போர்டு மரீன் கார்ப்பரேஷன், புகைக் கட்டுப்பாட்டு விதிகளைச் சந்திக்க 1990களில் ஃபிக்ட் என்ற நேரடி எரிபொருள் பாய்ச்சும் முறையைக் கொண்டுவந்தது. தொடக்க கால எஞ்சின்கள் பலவற்றில் கோளாறு வந்தது. அவற்றைச் சரிசெய்யும் செலவு கம்பெனியைக் கடித்தது. 2000 டிசம்பர் 22 அன்று அது திவால் பாதுகாப்பு கேட்டு மனு போட்டது, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். அடுத்த ஆண்டு எஞ்சின் பிரிவை பாம்பார்டியர் வாங்கியது. திவாலான கம்பெனியின் சொத்தை வாங்குகிறவர் பழைய கம்பெனியின் வாக்குறுதிகளையும் தானாகவே சுமக்க வேண்டும் என்று சட்டமில்லை. கார்களுக்கான சர்வீஸ் ஒப்பந்தங்களுக்குப் பின்னால் நின்ற நேஷனல் வாரன்டி என்ற காப்புறுதி நிறுவனமும் 2003இல் கலைப்புக்குப் போனது. சர்வீஸ் தேதி தவறினால் ஒப்பந்தம் ரத்து என்ற கண்டிப்பு வாங்குகிறவருக்கு இருக்கிறது. விற்றவர் காணாமல் போனால் என்ன என்ற கேள்விக்கு அதே காகிதத்தில் அதே கண்டிப்பான பதில் வேண்டாமா?

ஃபெடரல் டிரேட் கமிஷன் 2015இல் அந்த வாரன்டிச் சட்டத்துக்கான தன் விளக்கத்தைத் திருத்தி, வெளிப்படையாகச் சொல்லாமல் குறிப்பாக உணர்த்திக் கட்டிப்போடுவதும் குற்றம்தான் என்றது. 2022இல் ஹார்லி-டேவிட்சன் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தின்மீதும் வெஸ்டிங்ஹவுஸ் பெயரில் ஜெனரேட்டர் விற்கும் நிறுவனத்தின்மீதும் நடவடிக்கை எடுத்து, வெளி மெக்கானிக்கிடம் போனாலும் வாரன்டி போகாது என்று வாடிக்கையாளருக்கு எழுதிச் சொல்ல வைத்தது. இவை எல்லாம் வாரன்டி பற்றியவை. தனிக் காசுக்கு விற்கும் ஒப்பந்தத்துக்கும் இதே தடையை நீட்டுவதுதான் மிச்சமிருக்கும் வேலை. அதுவரை, அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடப் போகிறவர் மூன்றை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்: சர்வீஸ் நடந்திருந்தால் போதுமா அல்லது டீலரிடம்தான் நடந்திருக்க வேண்டுமா; வெளி ரசீதும் உதிரிபாக பில்லும் செல்லுமா; பணம் கொடுக்கக் கடமைப்பட்டவர் எஞ்சின் கம்பெனியா, கடைக்காரரா, பின்னால் நிற்கும் காப்புறுதி நிறுவனமா. மூன்றில் ஒன்றுக்குப் பதில் இழுபட்டாலும் அந்தப் பணத்தை இம்பெல்லருக்கும் கியர் ஆயிலுக்கும் எடுத்து வைப்பது மேல்.