பெயரில் என்ன இருக்கிறது? நீர்மூழ்கிகளின் பெயர்க் கதை

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நிற்கிற படகுகளைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். பதிவு எண் அரசாங்கம் கொடுப்பது, பெயர் சொந்தக்காரர் வைப்பது. சாமி பெயரோ பிள்ளையின் பெயரோ எழுதியிருக்கும். கடலுக்குள் போகிற ஒன்றைப் பெயர் வைக்காமல் அனுப்ப யாருக்கும் மனசு வராது போல!

மேலே மிதக்கிற படகுக்கே இப்படி. அடியில் போகிற வாகனத்துக்கு? போர்க்கப்பல்களை விட்டுவிடலாம். ஆராய்ச்சிக்காகவும் ஆசைக்காகவும் கட்டிய நீர்மூழ்கிகளுக்கு எப்படிப் பெயர் வைத்தார்கள் என்று பார்த்தால், அதற்குள்ளே ஒரு சுவையான வரலாறு இருக்கிறது.

முதலில், பணம் கொடுத்தவர் பெயர். அகஸ்ட் பிக்கார்ட் என்ற சுவிஸ் விஞ்ஞானி 1948-ல் கடலில் இறக்கிய ஆழ்கடல் கலத்தின் பெயர் எஃப்.என்.ஆர்.எஸ்-2. பெல்ஜியத்தின் தேசிய அறிவியல் ஆராய்ச்சி நிதியத்தின் சுருக்கம்தான் அது. அதே நிதியம் பணம் கொடுத்து அவர் 1931-ல் பறந்த பலூனுக்கும் அதே பெயர். பலூனில் வானத்தில் ஏறியவர் அதே தத்துவத்தை வைத்துக் கடலில் இறங்கினார்!

அடுத்து, ஊர் பெயர். பிக்கார்டின் அடுத்த கலம் த்ரியேஸ்தே, இத்தாலியின் ஒரு துறைமுக நகரத்தின் பெயர். அதை அமெரிக்கக் கடற்படை 1958-ல் வாங்கியது. 1960 ஜனவரி 23 அன்று பிக்கார்டின் மகன் ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் அதில் ஏறி, மரியானா அகழியின் அடியைத் தொட்டார்கள். ஏறத்தாழ 10,900 மீட்டர் ஆழம்!

மூன்றாவது, ஆள் பெயர். அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் ஆய்வு நிறுவனம் 1964 முதல் இயக்கிவரும் ஆல்வின், அப்படி ஒரு கலம் வேண்டும் என்று விடாமல் வாதாடிய ஆலின் வைன் என்பவரின் பெயரைச் சுருக்கி வைத்தது. புராணப் பெயரும் உண்டு. 2012-ல் 7,062 மீட்டர் இறங்கிய சீனாவின் ஜியாவ்லாங் ஒரு கடல் நாகத்தின் பெயர். ஜப்பான்காரர்கள் நேரடியானவர்கள். ஷின்காய் 6500 என்று வைத்தார்கள். ஷின்காய் என்றால் ஆழ்கடல், 6500 என்பது அது போகக்கூடிய மீட்டர் கணக்கு.

வீட்டிலேயே கட்டியவர்கள் என்ன பெயர் வைத்தார்கள்? கார்ல் ஸ்டான்லி என்ற அமெரிக்கர் பதினைந்து வயதில் தன் முதல் நீர்மூழ்கியைக் கட்டத் தொடங்கியவர். இரண்டாவதை ஓக்லஹோமா மாநிலத்தில் ஐடபெல் என்ற சிற்றூரில் கட்டினார். கடலே இல்லாத ஊர். ஆனாலும் கலத்துக்கு ஐடபெல் என்றே பெயர் வைத்தார். ஹோண்டுராஸ் நாட்டின் ரோவாட்டான் தீவில் அதில் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஏறத்தாழ 2,000 அடி ஆழம் வரை போய் வந்தார்.

இந்த ஸ்டான்லி இன்னொரு கதையிலும் வருகிறார். ஓஷன்கேட் என்ற நிறுவனம் ஒரு கலத்தைக் கட்டி முதலில் சைக்ளோப்ஸ் 2 என்று பெயர் வைத்தது. 2018-ல் அதை டைட்டன் என்று மாற்றியது. கிரேக்கப் புராணத்தின் ராட்சத தேவர்களைக் குறிக்கும் பெயர். கேட்டதும் பிரம்மாண்டம் தெரிகிறது, இல்லையா? ஆனால் வெளியார் யாரும் சோதித்துத் தரச்சான்று தரவில்லை. 2018-லேயே இத்துறை வல்லுநர்கள் இதைக் குறித்துக் கவலை தெரிவித்தார்கள். 2019-ல் அதில் இறங்கிய ஸ்டான்லி, கார்பன் ஃபைபர் உடலிலிருந்து வெடிப்புச் சத்தம் கேட்டதாக நிறுவனத்தின் தலைவருக்கு எழுதினார். 2023 ஜூன் 18 அன்று, டைட்டானிக் கப்பல் கிடக்கும் இடத்துக்குப் போகும் வழியில் டைட்டன் நொறுங்கியது. உள்ளே இருந்த ஐந்து பேரும் இறந்தார்கள். அதைத் தடுத்திருக்க முடியும் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விசாரணை அறிக்கை 2025-ல் சொன்னது.

வீட்டில் கட்டியவர் கேட்ட ஆபத்தை, பெரிய பெயர் வைத்தவர்கள் கேட்கவில்லை. வேதனைதான்.

சரி, நம் ஊருக்கு வருவோம். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் மனிதரை ஏற்றிச் செல்லும் ஆழ்கடல் வாகனம் ஒன்றைக் கட்டும் வேலையில் இறங்கியது. மத்திய அரசு 2021 ஜூன் மாதம் 4,077 கோடி ரூபாயில் ஒப்புதல் தந்த ஆழ்கடல் திட்டத்தின் ஒரு பகுதி இது. இந்த வேலைக்கு இரண்டு பெயர்கள். திட்டத்தின் பெயர் சமுத்ரயான். சந்திரயான், ககன்யான் வரிசையில் கேட்ட உடனே மனதில் ஒட்டிக்கொள்கிறது. வாகனத்தின் பெயர் மத்ஸ்யா 6000. மத்ஸ்யா என்றால் மீன், மச்சாவதாரக் கதை தெரிந்த யாருக்கும் விளக்கம் வேண்டாம்.

ஆனால் கனமான பகுதி அந்த 6000 தான். 6,000 மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் நாம் மேலே உணரும் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 600 மடங்கு. அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 600 கிலோவுக்கு மேல் பாரம். அதைத் தாங்க 2.1 மீட்டர் விட்டமும் 80 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட டைட்டானியம் உலோகக் கலவைக் கோளம் திட்டமிடப்பட்டது. அதற்குள் மூன்று பேர். வழக்கமாக 12 மணி நேரம், ஆபத்து வந்தால் 96 மணி நேரம் உயிர்காக்கும் ஏற்பாடு. 2025-ன் தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் இந்த வாகனத்தைத் தண்ணீரில் இறக்கிச் சோதித்தபோது, போன ஆழம் மிகக் குறைவு. படிப்படியாக, ஒவ்வொரு ஆழமாகச் சோதிப்பதுதான் முறை. மெதுவாகத் தெரியலாம். டைட்டன் கதைக்குப் பிறகு இந்த மெதுவைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

கடையில் வாங்குகிற பாக்கெட்டின் மேல் 500 கிராம் என்று அச்சிட்டிருந்தால் உள்ளே 500 கிராம் இருக்க வேண்டும். எடைபோட்டுப் பார்க்க யாருக்கும் உரிமை உண்டு. 6000 என்பதும் அதே மாதிரி ஒரு வாக்குறுதி. டைட்டன் என்ற பெயரை எந்தத் தராசிலும் வைத்துப் பார்க்க முடியாது. மத்ஸ்யா 6000, ஷின்காய் 6500 போன்ற பெயர்களை வைத்துப் பார்க்கலாம்.

நாளைக்கு யாராவது தன் நீர்மூழ்கித் திட்டத்துக்குப் பெயர் தேடினால், ஊர் பெயரோ சாமி பெயரோ பிள்ளை பெயரோ எது வேண்டுமானாலும் வைக்கலாம். பக்கத்தில் அதன் ஆழத்தையும் எழுதிவிட்டு, அதை அளந்து பார்க்க அடுத்தவரைக் கூப்பிட்டால் போதும். உள்ளே உட்காரப் போகிறவருக்கும், கரையில் காத்திருக்கிற அவர் வீட்டுக்காரர்களுக்கும் அந்த எண்தான் முக்கியம்.