கனிமங்களின் உடனொளிர்வு

கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு, அதைக் கண்ணுக்குத் தெரியும் நிறமாகச் சில கனிமங்கள் திருப்பித் தருவதே உடனொளிர்வு. விளக்கை அணைத்தால் நிறமும் மறையும்; அணைத்த பின்னும் தொடர்ந்தால் அது நின்றொளிர்வு.

புளோரைட்டும் குயினைன் கரைசலும் நீலமாக மினுங்குவது முன்பே தெரிந்திருந்தது. உள்ளே போகும் ஒளியைவிட வெளியே வரும் ஒளிக்கு அலைநீளம் கூடுதல் என்று 1852-இல் காட்டியவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். ‘ஃபுளோரசன்ஸ்’ என்ற பெயரையும் புளோரைட்டிலிருந்தே எடுத்தார். ஆனால் பார்ப்பது எளிதாக இல்லை. விளக்கின் சாதாரண வெளிச்சம் கல்லின் மெல்லொளியை விழுங்கிவிடும். முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், புற ஊதாவை மட்டும் பெரும்பாலும் விடும் கறுப்புக் கண்ணாடியை நிக்கல் ஆக்சைடு சேர்த்து உருவாக்கினார். அது வந்திராவிட்டால் இத்துறை இவ்வளவு வளர்ந்திருக்குமா என்பது ஐயமே.

நியூ ஜெர்சியின் ஃபிராங்க்ளின், ஸ்டெர்லிங் ஹில் துத்தநாகச் சுரங்கங்கள் இதன் தாய்வீடு. அங்கே வேலைக்காகவே ஒளிர்வைப் பார்த்தார்கள். இரும்பு முனைகளுக்கிடையே மின்பொறி பறக்கவிட்டு, அதில் பச்சையாக ஒளிரும் வில்லமைட் என்ற துத்தநாகக் கனிமம் கழிவோடு போகிறதா என்று ஆலையில் சோதித்தார்கள். அதே கல்லில் கால்சைட் கனல்போலச் சிவந்து தெரியும். இரண்டுக்கும் காரணம் சிறிதளவு மாங்கனீசு. கால்சைட்டில் ஈயமும் வேண்டும்: புற ஊதாவைப் பிடிப்பது ஈயம், நிறம் தருவது மாங்கனீசு. இரும்பு கூடினால் ஒளி மங்கும். ஃபிராங்க்ளின் சுரங்கம் 1954-இலும் ஸ்டெர்லிங் ஹில் 1986-இலும் மூடப்பட்டன. பின்னது இன்று அருங்காட்சியகம்.

ஒளிப்படம் எடுப்பவருக்கும் வுட்டின் சிக்கலே. கல்லில் பட்டுத் திரும்பும் 365 நானோமீட்டர் நெட்டலைக் கதிர் லென்ஸில் நுழைந்து படமெங்கும் நீலம் பூசிவிடும். அதைத் தடுக்க லென்ஸின் முன் வடிகட்டி வேண்டும். 254 நானோமீட்டர் சிற்றலையை லென்ஸ் கண்ணாடியே தடுத்துவிடும். ஆனால் அது கண்ணைப் புண்ணாக்கும். காப்புக் கண்ணாடி அணியாமல் அந்த விளக்கைப் போடவே கூடாது. இருட்டறை, முக்காலி, பல நொடி நேரம் திறந்திருக்கும் ஷட்டர் எல்லாம் அமைந்த பிறகும் பொறுமையைச் சோதிப்பது தூசு. சலவைத்தூளின் வெளுப்பூட்டி ஏறிய ஒற்றைப் பஞ்சிழை, பகலில் கண்ணில் படாதது, படத்தில் நீலக் கம்பியாகப் பளிச்சிடும். வெள்ளைச் சட்டையும் ஆகாது.

படத்தோடு அலைநீளத்தையும் எழுதிவைக்க வேண்டும். டெக்சஸின் டெர்லிங்குவா கால்சைட் நெட்டலையில் இளஞ்சிவப்பு, சிற்றலையில் நீலம். குறிப்பில்லாத இரு படங்களைப் பார்ப்பவர் அவற்றை இரண்டு கற்கள் என்றே எண்ணுவார்.