கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது?

1948-ஆம் ஆண்டுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. இஸ்ரேலியருக்கு அது விடுதலை ஆண்டு. ஃபலஸ்தீனருக்கோ அது 'நக்பா', அதாவது பேரழிவு. ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் வீடும் நிலமும் இழந்து அகதிகளான ஆண்டு. ஐரோப்பாவில் அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட கொடுமையிலிருந்து ஒரு சாரார் தம் வரலாற்றைத் தொடங்குகின்றனர். அக்கொடுமையில் பங்கேதுமில்லாத தம் மண் பறிபோனதிலிருந்து மறு சாரார் தொடங்குகின்றனர். கணக்கைத் தொடங்கும் நாளே குற்றவாளி யார் என்பதையும் தீர்மானித்து விடுகிறது.

ஃபலஸ்தீன மக்களின் துயருக்காகக் கண்ணீர் வடிக்கும் நாம், நம் கோவை மாநகரிலும் இத்தகைய இரண்டு கணக்குகள் இருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

நகரில் பலருக்குக் கணக்கு தொடங்கும் நாள் 1998 பிப்ரவரி 14. அன்று நடந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் மாண்டனர். இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றிலோ கணக்கு 1997 நவம்பர் 30-இல் தொடங்குகிறது. அன்றும் மறுநாளும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டிலும் வன்முறைக் கும்பல்களின் தாக்குதலிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். கடைகள் சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயின. ஆனால், அதற்கு முந்தைய நாளான நவம்பர் 29-இல் உக்கடத்தில் பணியிலிருந்த காவலர் செல்வராஜ் முஸ்லிம் இளைஞர்களால் குத்திக் கொல்லப்பட்டார். அந்த நாளை விட்டுவிட்டு நாம் சொல்லும் வரலாறு முழுமையாகுமா?

சிங்காநல்லூரிலிருந்து திருச்சி சாலை வழியே மேற்கே சென்றால் அரசு மருத்துவமனை வரும். பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்கள் சாதி மத பேதமின்றி நம்பி வரும் இடம் அது. 1997-இல் காயமுற்றுக் கொண்டுவரப்பட்ட முஸ்லிம்கள் அந்த வளாகத்திலேயே தாக்கப்பட்டு உயிரிழந்தனர். சில வாரங்களுக்குள் அதே மருத்துவமனையில் குண்டு வெடித்தது. பிணி தீர்க்கும் இடத்தை இரு தரப்பின் வெறியும் கொலைக்களமாக்கியது. அந்த ஓரிடத்தைப் பற்றிப் பேசும்போதும் ஒரு சாரார் ஒரு நாளை மட்டுமே நினைவுகூர்வது நீதியாகாது.

நீதி என்ற சொல்லுக்கும் இங்கே இரண்டு பொருள்கள் வழங்குகின்றன. குண்டுவெடிப்பு வழக்கில் 2007-இல் 158 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. உற்றாரைப் பறிகொடுத்தவர்கள் அதில் நீதியைக் கண்டனர். அதே வழக்கில் ஒன்பதாண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்த அப்துல் நாசர் மதானி குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். இழந்த ஆண்டுகளைத் திருப்பித் தருவது யார் என்று நம்மவர் கேட்கின்றனர். அந்தப் பதினெட்டு உயிர்களுக்குப் பொறுப்பேற்றவர் யார் என்றும் கேட்கின்றனர். இவை நியாயமான கேள்விகளே. ஆயினும், பிப்ரவரி 14-ஐ நியாயப்படுத்த இக்கேள்விகளைத் துணைக்கழைப்போமாயின், அந்தப் பதினெட்டுப் பேருக்கும் நாம் துரோகம் செய்தவர்களாவோம். அன்று கடைத்தெருவில் மடிந்தவர்கள் அவர்களைக் கொன்றவர்கள் அல்லரே!

நமக்கே எதிராயினும் உண்மைக்குச் சாட்சி சொல்வது மார்க்கம் நம்மீது விதித்துள்ள கடமை. ஆகவே நம் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லும்போது நவம்பர் 29-இலிருந்தே தொடங்குவோம். அதன்பின் 30-ஐயும், டிசம்பர் முதல் நாளையும், பிப்ரவரி 14-ஐயும் ஒன்றுவிடாமல் சொல்வோம். அவ்வாறு சொன்ன பிறகே, நம் அண்டை வீட்டாரை நோக்கி, "எங்கள் பதினெட்டுப் பேரையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்கும் தகுதி நமக்கு வரும்.