மணிமாலைக் கணக்கு

என் பாட்டி வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் கரிக்கோடுகள் இருக்கும். பால் கணக்கு என்றுதான் வெகு நாள் நினைத்திருந்தேன். பால் கணக்கு எதிர்ச் சுவரில் இருந்தது. கதவுக்குப் பின்னால் இருந்தவை மருமகள்மார் தூரமான நாட்கள்.

இந்தக் கணக்கைப் பாட்டி ஒருத்தி மட்டும் போடவில்லை. நம் தர்ம சாஸ்திரக்காரர்கள் விலக்கு தொடங்கிய நாளிலிருந்து 16 இரவுகளை ருது காலம் என்று வகுத்து, முதல் 4 இரவுகளைத் தள்ளி வைத்தார்கள். இரட்டைப்படை இரவில் ஆண், ஒற்றைப்படையில் பெண் என்று அவர்கள் சொன்னதை ஒதுக்கிவிட்டால் கணக்கு அத்தனை மோசமில்லை. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வைத்தியர்கள் பலரோ, மிருகங்களை வைத்து மனுஷியை எடைபோட்டு, விலக்கை ஒட்டிய நாட்களே கர்ப்பம் தரிக்கும் நாட்கள், மாதத்தின் நடுப்பகுதியில் பயமில்லை என்று உபதேசித்தார்கள். நேர் தலைகீழ்! அதை நம்பிய வீடுகளில் எத்தனை தொட்டில்கள் ஆடினவோ!

ஜப்பானிய வைத்தியர் ஓகினோ 1924-ல் சொன்னது எளிய விஷயம்: முன்னோக்கி எண்ணாதே, பின்னோக்கி எண்ணு. அடுத்த மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாட்களுக்கு முன்பு கருமுட்டை வெளிப்படுகிறது. ஆஸ்திரியாவில் க்னாஸ் என்பவரும் தனியே ஏறக்குறைய இதையே கண்டார். ஆனால் வரப்போகும் நாளை இன்றைக்கே எப்படி அறிவது? போன மாதங்களைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான்.

அந்த ஊகத்தை நம்பித்தான் நம் சர்க்கார் ஒரு பரீட்சை நடத்தியது. சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ருத் கௌர் காந்திஜியின் சிஷ்யை. கருத்தடைச் சாதனங்களில் அவருக்குச் சம்மதமில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் மூலம் அமெரிக்க டாக்டர் ஆபிரகாம் ஸ்டோன் 1951-ல் வந்தார். 1952-ல் டில்லி லோதி காலனியிலும், பெங்களூருக்குப் பக்கத்தில் ராமநகரத்திலும் வேலை ஆரம்பமாயிற்று. ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் கணக்குப்படி கோத்த மணிமாலை ஒன்று. பச்சை மணி பயமற்ற நாள். சிவப்பு மணி விலகியிருக்க வேண்டிய நாள். தினம் ஒரு மணி நகர்த்த வேண்டும். சிலர் மறந்தார்கள். சிலர் மாலை கையில் இருந்தாலே போதும், தாயத்துப்போல் காக்கும் என்று இருந்துவிட்டார்கள். கடைசிவரை ஒழுங்காக நடந்தவர்கள் கொஞ்சம் பேரே. மணி தவறாமல் நகர்ந்தாலும் உடம்பு அதற்குக் கட்டுப்படுமா? ஒரு ஜுரம், ஒரு கவலை போதும், நாள் தள்ளிப்போக.

அதே பத்தாண்டில் ஆஸ்திரேலியாவில், மெல்போர்னில், டாக்டர் பில்லிங்ஸ் காலண்டரை விட்டுவிட்டுப் பெண்களையே விசாரித்தார். மாத நடுவில் சில நாள் ஈரக் கசிவு முட்டையின் வெள்ளைக்கருபோல் வழவழப்பாகிறது என்று அவர்கள் சொன்னார்கள். கருமுட்டை வெளிப்படும் காலத்தின் அடையாளம் அதுதான். முட்டை வெளிப்பட்ட பிறகு உடம்பின் உஷ்ணமும் அரை டிகிரிக்குள் சற்று ஏறி நிற்கும். அது நடந்து முடிந்ததைச் சொல்லும். கசிவோ முன்கூட்டியே சொல்லும். முட்டையின் ஆயுள் ஒரு நாள்; ஆண் வித்து 5 நாள்கூடத் தாக்குப்பிடிக்கும் என்பதால் முன்கூட்டித் தெரிவதில்தான் விசேஷம்.

ராமநகரத்துக் கதையை என் பெரியம்மாவிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அவள் மணியை நகர்த்தினாள், சரி. சிவப்பு மணியன்றைக்கு அவள் புருஷன் கேட்டானாமா?" என்றாள்.

பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் ஒன்பது.