இயந்திரத்தின் மூச்சுக்குழாய்க்கு நிறம் முக்கியமா?

எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுநர் ஒருவர் ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சிவப்புக் குழாய். அவருடைய மகன் என்னிடம் படித்தவன். இப்போது பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். தன் காரின் இயந்திரத்துக்குக் காற்று இழுத்துத் தரும் கறுப்புக் குழாயைக் கழற்றிவிட்டுப் பூட்டுவதற்காக, 280 வெள்ளி கொடுத்து இதை வாங்கியிருக்கிறான். கறுப்பு சூட்டை இழுக்குமாம், சிவப்பு இழுக்காதாம், காற்று குளிர்ந்து போனால் வேகம் கூடுமாம். "இது மெய்யா, வாத்தியாரே? தங்கச்சிக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க வைத்திருந்த காசும் இதிலே போய்விட்டது" என்றார் தகப்பனார்.

பாதி மெய், பாதி கதை என்றேன். மெய்யான பாதி இது: குளிர்ந்த காற்று அடர்த்தியானது. 30 டிகிரியில் இருக்கும் காற்று இன்னும் 3 டிகிரி சூடேறினால், அதன் அடர்த்தி நூற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு குறைந்துவிடும். காற்றுக் குறைந்தால் எரியக்கூடிய பெட்ரோலும் குறையும்; இழுவையும் குறையும். மற்றப் பாதிக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளினை மின்னலோடு பட்டம் விட்டவராகவே நாம் அறிவோம். அவர் தையற்காரரிடமிருந்து பல நிறத் துணித் துண்டுகளை வாங்கி, வெயில் அடிக்கும் ஒரு காலையில் உறைபனியின்மீது பரப்பி வைத்தார். சில மணி நேரத்தில் கறுப்புத் துண்டு பனியை உருக்கி ஆழமாக இறங்கியிருந்தது. கருநீலம் அதற்கு அடுத்தபடி. வெள்ளை இறங்கவேயில்லை. இதை 1761-ல் ஒரு கடிதத்தில் எழுதி, வெப்ப நாடுகளில் கறுப்பு உடை ஆகாது என்றும் சொன்னார். கடை வைத்திருப்பவர் சொல்லும் வாதம் இங்கேதான் பிறக்கிறது. வெயிலில் அது சரிதான்.

ஆனால் வரலாறு அங்கே நின்றுவிடவில்லை. 1800-ல் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல், சூரிய ஒளியைக் கண்ணாடிப் பட்டகத்தால் நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெப்பமானியை வைத்தார். சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்தில் வெப்பம் மேலும் ஏறியது! கண் காணாத கதிர் ஒன்று இருக்கிறது என்று அன்று தெரிந்தது.

1804-ல் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் லெஸ்லி இன்னும் ஒரு படி போனார். கனசதுரமான உலோகப் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றினார். ஒரு பக்கத்தில் விளக்குக் கரி, ஒரு பக்கத்தில் வெள்ளைக் காகிதம், ஒரு பக்கம் பளபளக்கும் வெறும் உலோகம். கரிப்பக்கம் அதிக வெப்பத்தை வீசியது, அதில் வியப்பில்லை. வெள்ளைக் காகிதமும் ஏறக்குறைய அதே அளவு வீசியது! பளபளப்பான பக்கம் மட்டுமே மிகக் குறைவாக வீசியது. நன்றாக வீசும் பரப்பு நன்றாக உறிஞ்சவும் செய்யும். அப்படியானால், வெந்நீரும் சுடும் இரும்பும் வீசுகிற இருட்டு வெப்பத்துக்குக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு என்ற பேதம் பெரிதாகக் கிடையாது.

காரின் மூடிக்குள் வெயில் ஏது, நேயர்களே? அங்கே இருப்பது லெஸ்லியின் வெப்பம். பிராங்க்ளினின் வெயில் அல்ல.

இன்னொரு கணக்கும் உண்டு. 1500 சிசி இயந்திரம் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக்குக் காற்றை விழுங்கும். முழு இழுவையில் நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் 2250 லிட்டர் வரை. அரை மீட்டர் நீளமும் 6 சென்டிமீட்டர் அகலமும் உள்ள குழாயை அந்தக் காற்று ஒரு வினாடியின் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். குழாயின் நிறத்தைப் பார்க்க அதற்கு நேரமில்லை.

பின் சிவப்புக்கு இந்த மதிப்பு எப்படி வந்தது? 1950களில் இத்தாலியின் ஃபெராரி நிறுவனம் சில பந்தயக் கார்களில் இயந்திரத்தின் தலைமூடிக்குச் சிவப்புச் சாயம் பூசியது. 'டெஸ்டா ரோஸா' என்ற பெயருக்கே சிவப்புத் தலை என்றுதான் பொருள். அந்த வகைக் கார் 1958, 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் லெ மான் பந்தயத்தில் வென்றது. வென்றது இயந்திரமும் ஓட்டியவர்களும். பெயர் வாங்கியது சாயம். 1995-ல் வந்த ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆர் காரிலும் தலைமூடி சிவப்பு. நம் பிள்ளைகளின் ஆசை அந்த வழியில் வந்ததுதான்.

நிறம் உண்மையாகவே வேகத்தைக் கட்டிப்போட்ட கதையும் ஒன்று உண்டு. ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் பறந்த கான்கார்ட் விமானம் நம் பக்கத்துக்கும் வந்து போனது. 1977 டிசம்பரில் லண்டன்–சிங்கப்பூர் சேவை தொடங்கியது. மலேசியா இரைச்சலை ஆட்சேபித்ததால் சில பயணங்களோடு நின்று, 1979-ல் மீண்டும் பறந்து, 1980-ல் முடிந்தது. அதன் உடல் வெண்மை. முன்னால் காற்று அழுந்துவதால் மூக்கு 127 டிகிரி வரை சுடும். அதற்குமேல் வெயிலும் ஏறக்கூடாது. 1996-ல் பெப்சி விளம்பரத்துக்காக ஒரு கான்கார்டுக்கு நீலம் பூசினார்கள். உச்ச வேகத்தில் ஒரே மூச்சில் 20 நிமிடத்துக்கு மேல் பறக்க வேண்டாம் என்று அப்போது அறிவுரை கூறப்பட்டது. எரிபொருள் இருக்கும் இறக்கைகளை மட்டும் வெள்ளையாகவே விட்டார்கள். அது திறந்த வானம், முழு வெயில்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகனே வந்தான். மூன்று பால் டின்களை அவனிடம் கொடுத்தேன். ஒன்றில் கரி, ஒன்றில் சுண்ணாம்பு, ஒன்று பளபளப்பான வெறும் டின். மூன்றிலும் வெந்நீர் ஊற்றி நிழலில் வைத்தோம். கரி டின்னும் சுண்ணாம்பு டின்னும் ஏறக்குறையச் சேர்ந்தே ஆறின. வெறும் டின் வெகுநேரம் சூடாக இருந்தது. அவன் பேசவில்லை.

பிறகு காரின் மூடியைத் திறந்து பார்த்தோம். பழைய கறுப்புக் குழாயின் வாய் முன்விளக்கின் பக்கம், வெளிக்காற்று வரும் இடத்தில் இருந்தது. சிவப்புக் குழாயோ குட்டை. பூட்டினால் அதன் வாய் இயந்திரத்தின் அனலிலேயே திறக்கும். சூடான காற்றைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறான்!

கறுப்புக் குழாயை மறுபடி மாட்டிக்கொண்டு புறப்பட்டான். சப்பாத்துக்கு அடுத்த மாத ஓவர்டைம் என்று தகப்பனாரிடம் சொன்னானாம். சிவப்புக் குழாய் எங்கள் வகுப்பறை அலமாரியில், அந்த மூன்று டின்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது.